பிரிஸ்டலிலிருந்து துலூஸுக்கு: இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பள்ளி பொருந்துமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிஸ்டலை அடுத்த ஃபில்டனில் ஏர்பஸ் பொறியாளராக இருக்கும் உங்கள் கணவரை மூன்று ஆண்டுகளுக்குத் துலூஸுக்கு மாற்றுகிறார்கள். குடும்பத்தில் நால்வரும் பிரிட்டிஷ் குடிமக்கள். வீட்டில் தமிழும் ஆங்கிலமும் பேசுகிறீர்கள். பிரெஞ்சு ஒருவருக்கும் தெரியாது. நவம்பரில் பிறந்த மகளுக்கு 13 வயது, வரும் செப்டம்பரில் இயர் 9 போக வேண்டியவள். மே மாதம் பிறந்த மகனுக்கு 8 வயது, இயர் 4 போக வேண்டியவன். இருவரையும் வீட்டருகே உள்ள அரசுப் பள்ளியில் சேர்ப்பதா, ஆங்கிலவழித் தனியார் பள்ளியில் சேர்ப்பதா, 'ஆறே மாதத்தில் பிள்ளைகள் பிரெஞ்சு பேசிவிடுவார்கள்' என்று நண்பர்கள் சொல்வது உண்மையா, அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளியின் பெயரைச் சொல்வது எளிது. அதற்கு முன் நீங்கள் தீர்மானிக்க வேண்டியது, இந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் எந்த நாட்டில் எந்தப் பொதுத்தேர்வை எழுதப் போகிறார்கள் என்பதை. அதை வைத்துப் பார்த்தால் மகனுக்கு ஒரு விடையும் மகளுக்கு வேறொரு விடையும் வருகிறது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, பின்னர் தென்மேற்குப் பிரான்சின் அரசுப் பள்ளிகளில், பிரெஞ்சு தெரியாமல் வந்துசேரும் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகப் பிரெஞ்சு கற்பித்து வருபவன். அவர்களில் உக்ரைன், சிரியா, பிரேசில் பிள்ளைகளோடு இங்கிலாந்திலிருந்து வந்தவர்களும் உண்டு. ஆகவே பள்ளியைப் பற்றி நான் சொல்வதை அனுபவமாக எடுத்துக்கொள்ளலாம். விசா, வரி, பல்கலைக்கழகக் கட்டணம் ஆகியவற்றில் பொதுவிதிகள் வரைதான் என் அறிவு செல்லும். நான் வழக்கறிஞன் அல்ல.

முதலில் வகுப்புக் கணக்கு. இங்கிலாந்தில் செப்டம்பர் முதல் ஆகஸ்ட் வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. பிரான்சில் ஜனவரி முதல் டிசம்பர் வரை, அதாவது ஒரே நாட்காட்டி ஆண்டில் பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. மே மாதப் பிள்ளைக்கு இதனால் ஒரு குழப்பமும் இல்லை: உங்கள் மகன் நேராகத் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் ஆண்டான சி.இ. 2 வகுப்பில் உட்காருவான். ஆனால் செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையே பிறந்த பிள்ளைகள், இங்கிலாந்தில் தங்களோடு படித்தவர்களைவிட ஒரு வகுப்பு மேலே தள்ளப்படுவார்கள். இங்குள்ள இடைநிலைப் பள்ளியான கொலேஜில் வகுப்புகள் ஆறில் தொடங்கி மூன்றில் முடியும். எண் இறங்க இறங்க வகுப்பு ஏறும். உங்கள் மகளின் வகுப்பில் மார்ச் மாதம் பிறந்த தோழி ஒருத்தி இங்கே வந்தால் அவள் சேர்வது 'கட்ரியெம்' எனப்படும் நான்காம் வகுப்பில். நவம்பரில் பிறந்த உங்கள் மகளுக்கோ 'த்ருவாசியெம்' எனப்படும் கடைசி வகுப்பு. அந்த ஆண்டின் இறுதியில் 'ப்ரெவே' என்ற தேசியத் தேர்வு இருக்கிறது. மொழியே தெரியாத பிள்ளையைத் தேர்வு வகுப்பில் போடுவது யாருக்கும் நல்லதல்ல. புதிதாக வரும் பிறமொழிப் பிள்ளையை வயதுக்குரிய வகுப்பிலிருந்து ஒரு வகுப்பு கீழே சேர்ப்பது இங்கே வழக்கத்தில் உள்ளதுதான். அதைக் கேட்டுப் பெறத் தயங்காதீர்கள். இங்கே அதை யாரும் தோல்வியாக நினைப்பதில்லை.

மகன் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: அரசுத் தொடக்கப் பள்ளி. மூன்று ஆண்டுகளில் அவன் சி.இ. 2, சி.எம். 1, சி.எம். 2 ஆகியவற்றை முடித்து, தொடக்கப் பள்ளி நிறைவடையும் நேரத்தில் இங்கிலாந்து திரும்பி இயர் 7-இல் மற்ற எல்லாப் பிள்ளைகளோடும் புதிதாகத் தொடங்குவான். நாட்கணக்கு இவ்வளவு பொருத்தமாக அமைவது அபூர்வம். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் இயர் 7 இடத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் முந்தைய ஆண்டு அக்டோபர் 31. நீங்கள் துலூஸில் இருந்துகொண்டே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டிலிருந்து திரும்புவோரிடம் எந்த முகவரிச் சான்றை ஏற்பது என்பதில் ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் ஒரு நடைமுறை. பிரிஸ்டல் வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டுவருவதாக இருந்தால், திரும்பும் தேதியைக் காட்டும் கடிதத்தையும் சேர்த்து அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அரசுப் பள்ளியில் சேர்ப்பது எப்படி என்றால், தொடக்கப் பள்ளியைப் பொறுத்தவரை நீங்கள் முதலில் பள்ளிக்குப் போவதில்லை. நகராட்சி அலுவலகத்துக்குப் போகிறீர்கள். உங்கள் வீட்டு முகவரிதான் பள்ளியைத் தீர்மானிக்கிறது. ஆகையால் வீடு முதலில், பள்ளி பிறகு. பிடிக்காத பள்ளி வட்டாரத்தில் வீட்டை எடுத்துவிட்டு விதிவிலக்கு கேட்டு அலையும் குடும்பங்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். முகவரிச் சான்று, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு ஆகிய மூன்றும் தேவை. பிரிட்டிஷ் பிறப்புச் சான்றிதழில் சிறிய வடிவம் ஒன்று உண்டு. அதில் பெற்றோர் பெயர் இருக்காது, இங்கே அது செல்லாது. பெற்றோர் பெயருடன் கூடிய முழுச் சான்றிதழை இப்போதே பொதுப் பதிவு அலுவலகத்திடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீட்டு அலுவலகமும் அதைத்தான் கேட்கும், சில இடங்களில் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். தடுப்பூசியில், 2018 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்குப் பல நோய்களுக்கு எதிரான தடுப்பூசிகள் கட்டாயம். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு டிப்தீரியா, டெட்டனஸ், போலியோ ஆகிய மூன்றே கட்டாயம். இங்கிலாந்தில் குழந்தையின் நலப் பதிவேடான சிவப்புப் புத்தகத்தை மருத்துவரிடம் கொடுத்தால் அவரே பிரெஞ்சு நலப் பதிவேட்டில் எழுதித் தருவார்.

மகளுடைய சேர்க்கை வேறு வழியில் நடக்கும். கொலேஜ் வயதில் பிரெஞ்சு தெரியாமல் வரும் பிள்ளைக்கு, காஸ்னாவ் என்ற கல்வித்துறைப் பிரிவின் கீழ் முதலில் ஒரு மதிப்பீடு செய்வார்கள். கணக்கும் தாய்மொழி வாசிப்பும் சோதிக்கப்படும். அதன்பின், புதிதாக வந்த பிறமொழி மாணவர்களுக்கான பிரெஞ்சுப் பிரிவு உள்ள ஒரு பள்ளி ஒதுக்கப்படும். 2012-இல் வந்த சுற்றறிக்கைப்படி, இந்தப் பிரிவில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு வாரம் குறைந்தது 9 மணி நேரமும் கொலேஜ் பிள்ளைக்குக் குறைந்தது 12 மணி நேரமும் பிரெஞ்சு. மீதி நேரம் கணக்கு, உடற்கல்வி, ஓவியம், ஆங்கிலம் என்று வழக்கமான வகுப்பில் உட்காருவாள். பெரும்பாலும் இது ஓராண்டு ஏற்பாடு. எல்லாப் பள்ளிகளிலும் இந்தப் பிரிவு இல்லை. ஆகவே வீட்டருகே உள்ள கொலேஜ் கிடைக்காமல் பேருந்தில் போக வேண்டி வரலாம்.

ஆறு மாதக் கதைக்கு வருவோம். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியதும் ஊகமும் கலந்தே பேசப்படுகின்றன. பேச்சு மொழியும் பாட மொழியும் வெவ்வேறு வேகத்தில் வருகின்றன என்பது ஆராய்ச்சியில் நன்கு நிலைபெற்ற முடிவு. கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் குடியேறிய பிள்ளைகளின் கல்வித் தரவுகளை வைத்து எழுதியது இன்றும் எங்கள் பயிற்சிகளில் சொல்லித்தரப்படுகிறது: விளையாட்டு மைதானத்தில் பேசிச் சமாளிக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், பாடநூலை வகுப்புத் தோழர்களுக்கு நிகராகக் கையாள ஐந்து முதல் ஏழு ஆண்டுகள். ஆறு மாதத்தில் உங்கள் மகன் 'பந்தைக் கொடு', 'அவன்தான் முதலில் அடித்தான்' என்பதையெல்லாம் சரளமாகச் சொல்வான், நண்பர்கள் அதைக் கேட்டு வியப்பார்கள். ஆனால் அதே பையன், கணக்கு வினாவின் இரண்டாவது வாக்கியத்தில் தடுமாறுவான். முதல் சில மாதங்கள் வாயே திறக்காமல் இருக்கும் பிள்ளைகளும் உண்டு. கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றே அதற்குப் பொருள், கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதை மட்டும் எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. என் வகுப்புகளில் கண்டவரை, வயதைவிட இரண்டு விஷயங்கள் பெரிதாகப் பேசுகின்றன: சொந்த மொழியில் நன்றாக வாசிக்கும் பழக்கம் இருக்கிறதா என்பது ஒன்று, பள்ளிக்கு வெளியே பிரெஞ்சு பேசும் ஒரு நண்பனாவது இருக்கிறானா என்பது இன்னொன்று. அதனால்தான், வீட்டில் தமிழை நிறுத்திவிடுங்கள் என்று உங்களுக்கு யாரோ சொன்ன ஆலோசனையை நான் ஏற்கமாட்டேன். வீட்டு மொழி வலுவாக இருக்கும் பிள்ளைக்கு மூன்றாவது மொழி எளிதாகிறதே ஒழியக் கடினமாவதில்லை.

நான் பார்த்தவரை, பிரெஞ்சு அரசுப் பள்ளிக்கு வந்த பிரிட்டிஷ் பிள்ளைகளிடம் சத்தமில்லாமல் தேய்வது அவர்களுடைய ஆங்கில எழுத்துத்தான். பேசுவார்கள், படம் பார்ப்பார்கள், புத்தகம்கூடப் படிப்பார்கள். ஆனால் எட்டு வயதில் நின்றுபோன எழுத்துக்கூட்டல் பதினொன்றிலும் அங்கேயே நிற்கும். இயர் 7-இல் போய் உட்காரப் போகும் பையனுக்கு இது சிறிய விஷயம் அல்ல. வாரத்தில் சில நாட்கள், ஒரு பத்தியாவது ஆங்கிலத்தில் எழுதவையுங்கள். பாட்டிக்குக் கடிதம், கால்பந்து ஆட்டத்தின் விவரணை, எதுவானாலும் சரி. அதை நீங்கள் திருத்த வேண்டும்.

மகளின் விடை கடினமானது, காரணம் ஜி.சி.எஸ்.இ. அது இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் பொதுத்தேர்வு; இயர் 10, இயர் 11 என்னும் இரண்டு ஆண்டுகளின் படிப்பு. நீங்கள் பிரான்சில் இருக்கப்போகும் மூன்று ஆண்டுகளில் இரண்டு அவைதாம். அவள் கொலேஜில் ஒரு வகுப்பு கீழே சேர்ந்தால் கட்ரியெம், த்ருவாசியெம் முடித்து, மேல்நிலைப் பள்ளியான லிசேயின் முதல் வகுப்பான செகோந்த் முடிக்கும் வேளையில் 16 வயதில் திரும்புவாள். கையில் ப்ரெவே இருக்கும், ஜி.சி.எஸ்.இ. இருக்காது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் படிப்பைக் கற்பிக்கும் சிக்ஸ்த் ஃபார்ம் என்ற மேல்நிலை வகுப்புகள் பெரும்பாலும் ஜி.சி.எஸ்.இ. தரங்களை வைத்தே இடம் தருகின்றன. ஆங்கிலத்திலும் கணக்கிலும் குறைந்தது தரம் 4 இல்லாதவர்கள் 16 வயதுக்குப் பிறகும் அவற்றைத் தொடர்ந்து படிக்க வேண்டும் என்ற விதியும் இங்கிலாந்தில் உண்டு. வெளிநாட்டுச் சான்றிதழை ஏற்கும் கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால் பிரெஞ்சு மொழியில் ஓரளவு தேறி, 20-க்கு 11 வாங்கியுள்ள ஒரு மதிப்பெண் பட்டியலை எதிரே இருப்பவர் எப்படி எடைபோடுவார் என்பது அவர் பழக்கத்தைப் பொறுத்தது. இந்த நிச்சயமின்மையை நம்பி ஒரு பதின்வயதுப் பெண்ணை அனுப்ப எனக்கு மனம் வராது.

அவளுக்கு இரண்டு வழிகள் உள்ளன. மூன்று ஆண்டுகள் என்பது உறுதியானால், பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் ஜி.சி.எஸ்.இ.-யின் சர்வதேச வடிவமான ஐ.ஜி.சி.எஸ்.இ. எழுதவைக்கும் தனியார் பள்ளி. துலூஸ் வட்டாரத்தில் விமானத் தொழிலுக்காக வந்த குடும்பங்கள் நிறைய இருப்பதால் அத்தகைய பள்ளி எட்டும் தூரத்தில் கிடைக்கிறது. கட்டணம் மிக அதிகம், ஒரு சராசரிச் சம்பளத்தால் தாங்க முடியாதது; நிறுவனம் கொடுத்தால்தான் நடக்கும். ஆகவே இது பள்ளியோடு பேச வேண்டிய விஷயம் ஆவதற்கு முன், கணவரின் மனிதவளத் துறையோடு பேச வேண்டிய விஷயம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் கேளுங்கள்; பின்னர் கேட்டால் கிடைப்பது அரிது. மகனுக்கான கல்விக் கட்டணத்தைக் கேட்காமல் மகளுக்கு மட்டும் கேட்பது நியாயமான பேரமாகவும் தெரியும்.

மூன்று ஆண்டுகள் ஆறாக நீளக்கூடும் என்று உள்ளுக்குள் நீங்கள் நினைத்தால், அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே இயங்கும் சர்வதேசப் பிரிவைப் பாருங்கள். பிரெஞ்சுப் பாடத்திட்டமே நடக்கும். அதோடு வாரத்தில் பல மணி நேரம் ஆங்கில இலக்கியம், வரலாறு-புவியியலில் ஒரு பகுதி ஆங்கிலத்தில். பாரிஸை ஒட்டிய சேன்-ஜெர்மேன்-ஆன்-லேயில் உள்ள சர்வதேச லிசே 1952-இல் நேட்டோ தலைமையகப் பணியாளர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. இந்த முறையின் தாய்ப்பள்ளி என்று அதைச் சொல்லலாம். உங்களுக்கு அருகில், துலூஸின் மேற்கே ஏர்பஸ் ஆலைகளை ஒட்டிய கொலோமியேயில் விக்டர் ஹ்யூகோ சர்வதேச லிசே இருக்கிறது. முடிவில் எழுதுவது பிரெஞ்சுப் பள்ளி இறுதித் தேர்வான பக்கலோரெயாவின் சர்வதேச வடிவம். 2024 தேர்விலிருந்து அதற்கு 'பிரெஞ்சு சர்வதேச பக்கலோரெயா' என்று பெயர். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் அதை நன்கு அறியும். ஆனால் இதில் நுழைவுத் தேர்வு உண்டு, இடங்கள் குறைவு, மேலும் ஆங்கிலத்தைப் போலவே பிரெஞ்சையும் சோதிப்பவை பல. 13 வயதில் பிரெஞ்சே தெரியாமல் வருபவளுக்கு அந்தக் கதவு நேராகத் திறக்குமா என்பது ஐயமே. முதல் ஆண்டு மொழிப் பிரிவு, அடுத்த ஆண்டு விண்ணப்பம் என்ற வரிசையில் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பருவத்துக்கான விண்ணப்பங்கள் செப்டம்பருக்கு வெகுமுன்பே முடிந்துவிடும் என்பதால் இந்த வாரமே எழுதிக் கேளுங்கள்.

இடையில் மூன்றாவது வகை ஒன்றும் இருக்கிறது. அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட தனியார் பள்ளிகள். பெரும்பாலும் கத்தோலிக்கப் பள்ளிகள். ஆசிரியர் சம்பளத்தை அரசே தருவதால் கட்டணம் குறைவு, பாடத்திட்டம் தேசியப் பாடத்திட்டமே, முகவரிக் கட்டுப்பாடு இல்லை. நாட்டின் மாணவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் தனியார் பள்ளியில் படிப்பதும் பெரும்பாலும் இவற்றில்தான். மகளின் தேர்வுச் சிக்கலை இவை தீர்க்காது. வீட்டிலேயே கற்பிக்கலாமே என்ற எண்ணம் இருந்தால், 2022 செப்டம்பர் முதல் அதற்கு முன்அனுமதி வேண்டும், அது எளிதில் கிடைப்பதில்லை. பிள்ளைகளில் எவருக்கேனும் கற்றல் குறைபாட்டுக்கான இங்கிலாந்து உதவித் திட்டம் இருந்தால் அது இங்கே செல்லாது என்பதையும், மாவட்ட அளவிலான மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். நீங்கள் அப்படி எதையும் குறிப்பிடவில்லை.

இனி நாள் எப்படிப் போகும் என்பது. மகனுடைய முதல் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தால் உங்களுக்கே திகைப்பாக இருக்கும். 8 மில்லிமீட்டருக்கு ஒரு தடித்த கோடு, அவற்றுக்கிடையே 2 மில்லிமீட்டர் இடைவெளியில் மெல்லிய கோடுகள், இடப்பக்கம் சிவப்பு ஓரக்கோடு. எந்த எழுத்து எந்த மெல்லிய கோடுவரை ஏற வேண்டும் என்பதற்கும் ஒழுங்கு உண்டு. தேதியை எழுதி, அளவுகோல் வைத்து அடிக்கோடிட வேண்டும். எழுத்து முழுவதும் கூட்டெழுத்து, பல வகுப்புகளில் மைப் பேனா. வகுத்தல் கணக்கில் வகுக்கும் எண் வலப்பக்கம் உட்காரும், தசமத்துக்குப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வரும். கணக்கில் கெட்டிக்காரனான பையன் முதல் மாதத்தில் தப்பாகச் செய்வது பெரும்பாலும் இந்த வடிவத்தால்தான். புறப்படும் முன் கோடைவிடுமுறையில் பிரெஞ்சு இலக்கணம் சொல்லிக்கொடுப்பதைவிட, இந்தக் கூட்டெழுத்தையும் வகுத்தல் முறையையும் பழக்கிவிடுங்கள். வேறெதுவும் புரியாத நாட்களில், 'இது எனக்குத் தெரியும்' என்று அவன் கை தூக்க ஒரு இடம் கிடைக்கும்.

மதிப்பெண் கொலேஜ் முதல் 20-க்குப் போடப்படும், 20 வாங்குபவர் அபூர்வம். 10 என்றால் தேர்ச்சி, 12 என்றால் பரவாயில்லை, 14 நன்று, 16 மிக நன்று. ஆசிரியர் எழுதும் குறிப்பு இங்கிலாந்தில் பழகிய காதுக்குக் கரடுமுரடாக இருக்கும். 'இன்னும் நன்றாகச் செய்ய முடியும்' என்பது இங்கே திட்டல் அல்ல, சாதாரணப் பேச்சு. தொடக்கப் பள்ளியில் எழுத்து வீட்டுப்பாடம் 1956 முதலே சுற்றறிக்கையால் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆனாலும் கவிதை மனப்பாடமும் சொல்வதெழுதுதலுக்கான சொற்களும் வாராவாரம் வீட்டுக்கு வந்தே தீரும். சீருடை இல்லை. 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பள்ளியில் வெளிப்படையாகத் தெரியும் மத அடையாளங்களுக்கு இடமில்லை. இங்கிலாந்துப் பள்ளிகளைப் போல மதக்கல்விப் பாடமும் தீபாவளி, கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளும் எதிர்பார்க்க வேண்டாம்.

சாப்பாட்டுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேர இடைவேளை. முதலில் காய்கறிக் கலவை, பிறகு முக்கிய உணவு, பிறகு பாலாடைக்கட்டி அல்லது தயிர், கடைசியில் பழம் என்று வரிசையாக வரும். வாரம் ஒருமுறை இறைச்சியற்ற உணவு சட்டப்படி கட்டாயம். நீங்கள் சைவம் என்றால், மற்ற நாட்களில் என்ன தருவார்கள் என்பதை நகராட்சியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஊருக்கு ஊர் வேறுபடும். வீட்டிலிருந்து டப்பா கொண்டுவர ஒவ்வாமை போன்ற மருத்துவக் காரணம் இருந்தால்தான் பொதுவாக அனுமதி. கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்து. இங்கே மொழி தெரியாத பிள்ளைக்கு ஒரு சிறு சலுகை உண்டு: கண்ணாடித் தம்ளர்களின் அடியில் ஓர் எண் பொறித்திருக்கும், 'உன் வயது என்ன?' என்று கேட்டு மேசையில் எல்லாரும் தம்ளரைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள், 40 வந்தவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். என்னிடம் வந்த பிள்ளைகளில் பலர் பிரெஞ்சு எண்களைக் கற்றது என் பாடத்தில் இல்லை, அந்த மேசையில்தான்.

புதன்கிழமை பெற்றோருக்குச் சோதனையான நாள். ஊரைப் பொறுத்துத் தொடக்கப் பள்ளி புதனன்று முழுவதும் விடுமுறையாகவோ மதியத்தோடு முடிவதாகவோ இருக்கும். இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் அன்று பிள்ளையை நகராட்சியின் பொழுதுபோக்கு மையத்தில் விடுவார்கள். மகனை அங்கே அனுப்புங்கள், தேவை இல்லாவிட்டாலும்கூட. வகுப்பறையைவிட அங்கே பிரெஞ்சு வேகமாக ஒட்டும். செப்டம்பர் தொடக்கத்தில் ஒவ்வொரு ஊரிலும் சங்கங்களின் சந்தை ஒன்று நடக்கும். கால்பந்து, ஜூடோ, நீச்சல், இசை எல்லாவற்றுக்கும் அங்கேதான் பெயர் கொடுப்பார்கள், அந்த வார இறுதியைத் தவறவிட்டால் இடம் கிடைப்பது சிரமம். கோடை விடுமுறை இரண்டு மாதம். ஏறக்குறைய ஆறு வாரம் பள்ளிக்கு ஒரு முறை இரண்டு வார விடுமுறை. விடுமுறைத் தேதிகளுக்காக நாட்டைப் பிரித்திருக்கும் மண்டலங்களில் துலூஸ் சி மண்டலத்தில் இருப்பதால் குளிர்கால, வசந்தகால விடுமுறைகள் பாரிஸோடு ஒத்துவரும், பிரிஸ்டலோடு பெரும்பாலும் ஒத்துவராது. தாத்தா பாட்டியைப் பார்க்கும் பயணங்களை அதற்கேற்ப வகுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி வாசலில் பெற்றோர் உள்ளே போகும் வழக்கம் இல்லை. கதவு சில நிமிடங்கள் திறக்கும், பிள்ளை உள்ளே போவான், மூடிவிடும். ஆசிரியரிடம் பேச வேண்டுமென்றால் பையனின் தொடர்புக் கையேட்டில் எழுதி நேரம் கேட்க வேண்டும். கொலேஜில் ப்ரோநோட் போன்ற செயலி வழியாக. இது அலட்சியம் என்று பிரிட்டிஷ் தாய்மார்கள் முதலில் நினைக்கிறார்கள். எழுதிக் கேட்டால் மதித்து நேரம் ஒதுக்குவார்கள். மருத்துவத்தில், பிரெஞ்சு வேலை ஒப்பந்தம் என்றால் கணவர் வழியாகப் பிள்ளைகளுக்கும் அரசுக் காப்பீடு வரும். குடும்ப மருத்துவருக்கு 2024 டிசம்பர் இறுதியிலிருந்து 30 யூரோ. 70 விழுக்காடு அரசு திருப்பித் தரும், மீதியில் பெரும்பகுதியை நிறுவனத்தின் துணைக் காப்பீடு ஏற்கும். பிரிட்டிஷ் ஒப்பந்தத்திலேயே தற்காலிகமாக அனுப்புகிறார்கள் என்றால் விதி வேறு; எது என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

குடியேற்றத்தில் உங்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டியது இவ்வளவுதான். 2020 டிசம்பர் 31-க்கு முன் இங்கே குடியேறிய பிரிட்டிஷ்காரர்களுக்கு, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய உடன்படிக்கைப்படி தனி உரிமை உண்டு. அவர்கள் உங்களுக்குச் சொல்லும் பழைய கதைகள் உங்களுக்குப் பொருந்தாது. 90 நாட்களுக்கு மேல் தங்க நீண்டகால விசா வேண்டும். நிறுவனம் வழியாக வரும் திறன்பணியாளர் அனுமதியில் துணைவருக்கும் வேலை செய்யும் உரிமை இருக்கிறது. அந்த வகையில்தான் விண்ணப்பிக்கிறார்களா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தங்கும் அட்டை தேவையில்லை, ஆனால் எல்லையைக் கடந்து திரும்பி வர, வெளிநாட்டுச் சிறார்களுக்கான பயண ஆவணம் ஒன்றை மாவட்ட நிர்வாகத்திடம் பெற்றுக்கொள்வது நல்லது. முதல் கிறிஸ்துமஸ் பயணத்துக்கு முன்பே அதற்கு விண்ணப்பியுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவர் கட்டணமும் அரசுக் கல்விக் கடனும் பெற, படிப்பு தொடங்கும் நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் ஐக்கிய ராச்சியத்தில் வழக்கமாக வசித்திருக்க வேண்டும் என்பது பொதுவிதி; பிரிட்டிஷ் கடவுச்சீட்டு மட்டும் போதாது. உங்கள் மகள் 16 வயதில் திரும்பி 18 வயதில் பல்கலைக்கழகம் போனால், அந்த மூன்றில் ஓராண்டு துலூஸில் கழிந்திருக்கும். பெற்றோரின் வேலைக்காகத் தற்காலிகமாக வெளியே இருந்த காலத்தை உள்நாட்டில் இருந்ததாகவே கருத விதியில் இடமுண்டு. ஆனால் அதைக் காட்ட வேண்டியது குடும்பம், கட்டண வகையை முடிவுசெய்வது ஒவ்வொரு பல்கலைக்கழகமும். ஆகவே கணவரின் பணிமாற்றக் கடிதத்தில் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் தெளிவாக இருக்கட்டும், ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டால் அதையும் அதே மாதிரி எழுத்தில் வாங்குங்கள், பிரிஸ்டல் வீட்டின் வாடகை ஒப்பந்தத்தையும் சேர்த்து வையுங்கள். மகள் பக்கலோரெயா வரை இங்கேயே இருப்பாள் என்று இடையில் முடிவு மாறினால், அந்த முடிவை எடுப்பதற்கு முன் அவள் போக விரும்பும் இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களின் கட்டணப் பிரிவுக்கு எழுதி, அவர்கள் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.